உலகம்மா மதினியின் பந்தி

பதினைந்து பேர் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பதினைந்து இலையும் மாறிக் கிடக்கின்றன. நுனி எல்லாம் வலப்பக்கம்.

இத்தனை வருடம் கழித்தும் அந்தக் காட்சி அப்படியே என் கண்ணில் நிற்கிறது.

ஆனி மாதம். குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்து ஒரு வாரம் இருக்கும். வெளியே சாரல். அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு நேரே சாப்பிட வருகிறவர்களால் எங்கள் சாப்பாட்டுக்கடைத் தரை முழுக்கத் தண்ணீர். சாம்பார் வாசனை, ஈரத் துண்டு வாசனை, தலையில் தேய்த்த நல்லெண்ணெய் வாசனை, மூன்றும் சேர்ந்ததுதான் எனக்குச் சீசன்.

அன்று வந்தவர்கள் ராயகிரிக்காரர்கள். தென்காசியில் பெண் பார்த்து, பூ வைத்து, கல்யாணத்துக்கு நாளும் குறித்துவிட்டு, அப்படியே அருவியில் குளித்துச் சாப்பிட வந்திருந்தார்கள். மாப்பிள்ளையும் கூடவே இருந்தான். எல்லார் முகத்திலும் சிரிப்பு. இலையைப் பார்க்கிற வரைக்கும்.

குடும்பத்துப் பெரியவர் சட்டென்று எழுந்தார்.

"என்னவே இது? துட்டி வீட்டுச் சாப்பாடா போடுதிய?"

எங்கள் பக்கத்தில் இலையின் நுனி சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் சாவு வீட்டுக் காரியம் என்று அர்த்தம். அதையும் யாருக்குப் போட்டோம் என்றால், அன்றைக்குத்தான் பூ வைத்துவிட்டு வந்த மாப்பிள்ளைக்கு.

கல்லாவில் இருந்த என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். கையெடுத்துக் கும்பிட்டார். ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் போட்டார். அவசரத்தில் ஒரு இலை கிழிந்தது, அது இன்னும் வினையாயிற்று. மாப்பிள்ளையின் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். பதினைந்து பேரும் சாப்பிடாமல் எழுந்து போனார்கள்.

இலை போட்டது என் வீட்டுக்காரரின் அக்கா உலகம்மாள். எனக்கு மதினி. தோளில் ஈரத்துணியோடு சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள்.

"என்னக்கா இது?" என்றார் என் வீட்டுக்காரர்.

மதினி மேசையைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"இலை" என்றாள்.

அன்று சாயங்காலம் தென்காசிக்கு பஸ்ஸில் திரும்பும்போது என் வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாளையிலருந்து அக்கா கடைக்கு வரவேண்டாம். வீட்டுலயே இருக்கட்டும்."

வீடு என்றால் பின்கட்டு அறை. அதன் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். மதினி பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்து அந்தக் கடைக்குப் போய் வருகிறவள். அங்கேதான் அவளுக்கு மனிதர்கள், பேச்சு, சிரிப்பு எல்லாம். அது போனால் அவளுக்கு என்ன மிச்சம்? அந்தக் கேள்விதான் அடுத்த சில வருடங்களுக்கு எங்கள் குடும்பத்தின் ஒரே கேள்வியாக இருந்தது.

"கொஞ்சம் வெகுளி"

ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதினியை 'அவள்' என்றுதான் எழுதப் போகிறேன். மரியாதைக் குறைவு என்று யாரும் எனக்குக் கடிதம் போட வேண்டாம். கல்யாணமான புதிதில் 'வாங்க மதினி' என்று கூப்பிட்டுப் பார்த்தேன். பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். 'வா மதினி' என்றதும் வந்தாள். அதோடு சரி.

என்னைப் பெண் கேட்டு வந்தபோது தரகர் காபியை ஆற்றிக்கொண்டே, "பையனுக்கு ஒரு அக்கா உண்டு. கொஞ்சம் வெகுளி" என்றார். அவ்வளவுதான். எங்கள் கீழப்பாவூரில் வெகுளி என்றால் கள்ளங்கபடம் தெரியாதவர் என்று எடுத்துக்கொள்வோம். நல்லதாகப் போயிற்று, நாத்தனார் கொடுமை இருக்காது என்று என் அம்மாவுக்குச் சந்தோஷம்.

வந்து பார்த்தால் மதினி என் தோள் உயரம்கூட இல்லை. சிறிய சரிந்த கண்கள், தட்டையான மூக்கு, குட்டைக் குட்டையான விரல்கள். பேச்சு பாதிதான் புரியும். வயது என்னைவிட ஏழெட்டு அதிகம். எனக்கு முதலில் பயமாகத்தான் இருந்தது. எதற்குப் பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தெரியாததைப் பார்த்து வருகிற பயம்.

மறு வீடு முடிந்த கையோடு என்னைக் கடைக்குக் கூட்டிப் போனார்கள். மருமகள் கையால் முதல் இலை போடட்டும் என்றார் மாமனார். நான் பதற்றத்தில் நுனியை வலப்பக்கமாகப் போட்டுவிட்டேன். மதினி "த்ச்" என்றாள். இலையைத் திருப்பி வைத்தாள். பிறகு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இது ஒரு வெகுளி போலிருக்கிறது என்று என்னைப் பற்றி அவள் நினைத்த மாதிரி இருந்தது.

பயம் அங்கேயே போய்விட்டது.

ஆளுக்கு ஒன்று

மாமனார் பிடிவாதக்காரர். எங்கள் கடையில் துண்டாக நறுக்கிய ஏட்டு இலை கிடையாது, நுனி இலை மட்டும்தான். இலத்தூர்த் தோட்டத்திலிருந்து காலை முதல் பஸ்ஸின் தலையில் இலைக்கட்டு வந்து இறங்கும். அதைப் பிரித்து, துடைத்து, அடுக்குவது மதினி. பந்தி உட்கார்ந்ததும் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, ஓரத்தில் உப்பு வைப்பதும் மதினி. அதற்கு மேல்தான் பரிமாறுகிறவர்கள் வாளியோடு வரலாம். உப்பு வைக்காத இலையில் யாராவது கூட்டு வைத்துவிட்டால் கையிலேயே ஒரு அடி விழும்.

மதினிக்குப் பத்து வரை எண்ணத் தெரியாது. ஆனால் பந்திக்கு ஒரு இலை கூடினதும் இல்லை, குறைந்ததும் இல்லை. எப்படி என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. பிறகு ஒருநாள் கவனித்தேன். வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். ஒரு முகத்துக்கு ஒரு இலையை உருவி அக்குளில் இடுக்கிக்கொள்வாள். முகம் முடிந்தால் இலை முடிந்தது.

முகங்களை அவள் மறந்ததே இல்லை. செங்கோட்டை பஸ் கண்டக்டர் ஒருவர் தனக்கு மோர் ஆகாது என்று ஒரே ஒரு தடவை சொன்னார். ஆறு மாதம் கழித்து அவர் திரும்ப வந்தபோது மதினி மோர் வாளிக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டாள். கண்டக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "எம் பொண்டாட்டிக்கே இது ஞாவகம் இருக்காதும்மா" என்றார்.

கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வந்து குவிவார்கள். மலையாளம் பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள் எல்லாரும் உண்டு. எங்களுக்கெல்லாம் நாக்கு திணறும். மதினிக்கு எந்தத் திணறலும் இல்லை. யாரோடும் அவளுக்கு ஒரே பாஷைதான். இலை, சிரிப்பு, உப்பு.

"பொறந்ததுலருந்தே அப்படித்தானே"

அந்தப் பதினைந்து இலை ஒரே நாளில் மாறிவிடவில்லை. அதற்கு முன்பே சின்னச் சின்னதாக நடந்துகொண்டிருந்தது.

உப்பை இரண்டு தடவை வைத்தாள். மத்தியானம் சுவரில் சாய்ந்து தூங்கினாள். கடை வாசலில் ஒரே ஒரு படி. வருடக்கணக்காக ஏறி இறங்கிய அந்தப் படியின் முன்னால் நின்று, கிணற்றைப் பார்த்த மாதிரி அழுதாள். ஒருநாள் கொல்லைப்புறம் போனவள் திரும்பி வரத் தெரியாமல் அங்கேயே நின்றிருந்தாள். புடவை நனைந்திருந்தது. அதற்கு வெட்கப்பட்டு என் முந்தானையில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

நான் சொன்னபோதெல்லாம் எல்லாரிடமும் ஒரே பதில்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் சொன்னார்: "அக்கா பொறந்ததுலருந்தே அப்படித்தானே கோமு. புதுசா என்ன?" தென்காசியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். நாடியைக்கூடப் பிடிக்கவில்லை. "இவங்க இப்படித்தான் இருப்பாங்க" என்று ஒரு டானிக்கை எழுதிக் கொடுத்தார். சொந்தக்காரர் ஒருவர் வேப்பிலை அடிக்கச் சொன்னார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். மதினிக்கு ஒன்றுமே தெரியாது என்று இவர்களே முடிவு கட்டி வைத்திருந்தார்கள். ஒன்றுமே தெரியாதவளுக்கு என்ன மறந்துபோய்விடும்? அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று பார்த்திருந்தால்தானே எவ்வளவு போயிற்று என்று தெரியும்!

பதினைந்து இலைக்குப் பிறகு மதினி வீட்டிலேயே கிடந்தாள். பார்த்துக்கொள்ள ஒரு அம்மாளை வைத்தோம். தினமும் காலையில் பஸ் நேரத்துக்குத் தோளில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பாளாம். பஸ் போன சத்தம் கேட்டதும் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாளாம். அந்த அம்மாள் இதைச் சொன்ன அன்று நான் சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரரும் சாப்பிடவில்லை. ஆனால் அக்காவைக் கடைக்குக் கூப்பிடவும் இல்லை.

அவரைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். காலமான அப்பா கட்டிக் காத்த கடையின் பெயர் கெட்டுப்போகும் என்ற பயம். அதைவிட, அக்காவை நாலு பேர் ஏசுவதைக் கண்ணால் பார்க்க முடியாத பயம். பயந்த மனிதர்கள்தான் அதிகம் கதவைச் சாத்துகிறார்கள்.

அப்பாவின் கம்பி

மதுரையிலிருந்து ஒரு டாக்டரம்மா வருடா வருடம் சீசனுக்கு வருவார். ஒரு வாரம் தங்கி, மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் கடைக்கே வருவார். அந்த வருடம் வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "இலை போடுற அக்காவை எங்க காணோம்?"

நான் கரண்டியைப் போட்டுவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"முன்னாடி என்னென்ன தானா செய்வாங்க? இப்ப எதெல்லாம் செய்ய முடியல? எப்ப இருந்து? இதைச் சரியாச் சொல்ல முடியுமா?"

என் வீட்டுக்காரர் கல்லாவிலிருந்தே, "அக்கா எப்பமும் இப்படித்தான் டாக்டரம்மா" என்றார்.

அப்போதுதான் எனக்குக் கம்பி நினைவு வந்தது.

என் அப்பா தனக்கு வருகிற கடிதம் எதையும் கிழித்துப் போடமாட்டார். வளைந்த கம்பியில் குத்தி உத்தரத்தில் தொங்கவிட்டுவிடுவார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அவருக்கு எழுதிய இன்லண்டு கடிதங்கள் எல்லாம் அதில் இருந்தன. புகுந்த வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை மதினிதான். அதனால் கடிதத்தில் பாதி மதினியைப் பற்றித்தான் இருக்கும்.

மறுநாள் காலையில் கீழப்பாவூருக்கு பஸ் ஏறினேன். கம்பியோடு கழற்றிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் கம்பியில் குத்திய காகிதங்களைப் பார்த்து என்னை ரேஷன் கடை ஆள் என்று நினைத்தார்.

சாயங்காலம் நாலு மணி. பந்தி ஓய்ந்து மேசை எல்லாம் கழுவியாயிற்று. டாக்டரம்மா, நான், என் வீட்டுக்காரர். வீட்டிலிருந்து அழைத்து வந்த மதினி என் பக்கத்தில். கடை வாசனை பட்டதுமே அவள் முகம் மலர்ந்துவிட்டது. நான் பழைய கடிதங்களிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தேன்.

'இன்று மூன்று பந்தி. மதினி ஒருத்தியாகவே இலை போட்டாள்.' 'மதினி எனக்கு மருதாணி அரைத்துக் கொடுத்தாள்.' 'எனக்குக் காய்ச்சல் என்று மதினி தனியாகக் கடைத்தெருவுக்குப் போய் ரொட்டி வாங்கி வந்தாள். மிச்சச் சில்லறையை எண்ணத் தெரியாமல் அப்படியே கையில் மூடிக்கொண்டு வந்தாள்.'

நடுநடுவே நான் தாண்டித் தாண்டிப் போக வேண்டியிருந்தது. அந்தக் கடிதங்களில் வேறு விஷயங்களும் எழுதியிருந்தேன் அல்லவா!

"ஏட்டி, அங்கன எதுக்கு நிறுத்துதே?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஒண்ணுமில்ல. எழுத்து அழிஞ்சிருக்கு."

அவர் கையை நீட்டிக் கடிதத்தை வாங்கிப் படித்தார். 'உங்கள் மாப்பிள்ளைக்குச் சிரிக்கத் தெரியாது. முகத்தைப் பார்த்தால் பால் திரிந்துவிடும்.' டாக்டரம்மா எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆனால் என் வீட்டுக்காரர் கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கம்பியிலிருந்து அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததையும். உதடு அசையாமல் படித்துக்கொண்டே போனார். தன் அக்காவுக்கு எதெல்லாம் தெரியும் என்பதை அந்த மனிதர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். கடைசி இரண்டு வருடக் கடிதங்களுக்கு வந்தபோது நிறுத்தி, சத்தமாகப் படித்தார்.

'மதினிக்கு இப்போதெல்லாம் மத்தியானத்தில் தூக்கம் வருகிறது. உப்பை இரண்டு தடவை வைக்கிறாள்.'

நானே எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு அடுத்த வரியில் தேங்காய் விலையைப் பற்றிப் போயிருக்கிறேன்.

"இவங்க முன்ன மாதிரி இல்லைங்கிறது நிச்சயம்" என்றார் டாக்டரம்மா. "இது பிறவிக் குறை இல்ல. புதுசா ஏதோ நடக்குது. மதுரைக்குக் கூட்டிட்டு வாங்க."

என் வீட்டுக்காரர் கடிதங்களை மறுபடி கம்பியில் கோத்தார். ஒன்று தவறிக் கீழே விழுந்தது. மதினி அதை எடுத்துத் தன் தோள் துணியால் துடைத்துக் கொடுத்தாள்.

காது, கண், கழுத்து

மதுரையில் முதலில் காதைப் பார்த்தார்கள். இரண்டு காதிலும் அழுக்கு அடைத்துக் கல்லாகியிருந்தது. பாதிப் பேச்சு அவள் காதில் விழவே இல்லை. நாங்கள் சொன்னதைக் கேட்கவில்லை என்று எத்தனை நாள் கடிந்துகொண்டிருக்கிறோம்! கண்ணில் புரை ஆரம்பித்திருந்தது. படி கிணறாகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணமாம். கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி மந்தமாக இருந்தது. மத்தியானத் தூக்கம் அதனால்.

காதைச் சுத்தம் செய்து, கண்ணாடி போட்டு, மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதத்தில் மதினி பாதி திரும்பி வந்துவிட்டாள். தூக்கம் குறைந்தது. சிரிப்பு வந்தது. கண்ணாடியை மட்டும் தினமும் வீட்டுக்கு வருகிற யாருக்காவது போட்டுவிடுவாள்.

மீதிப் பாதி வரவில்லை. டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து நேராகச் சொன்னார். மதினி மாதிரிப் பிறந்தவர்களின் நிலைக்கு டவுன் சிண்ட்ரோம் என்று பெயர். வயதானவர்களுக்கு வருகிற மறதி நோய் இவர்களில் நிறையப் பேருக்கு நாற்பது, ஐம்பதிலேயே வந்துவிடும். அதற்கு மருந்து இல்லை. கூடத்தான் செய்யும்.

"அப்பம் என்னதான் செய்ய?" என்றார் என் வீட்டுக்காரர்.

"வேலையைப் பிடுங்காதீங்க. அதைச் சின்னதாக்கிக் கொடுங்க. இடத்தையும் ஆளுங்களையும் மாத்தாதீங்க. இவங்க உங்களுக்குத் தக்கபடி மாற முடியாது. நீங்கதான் மாறணும்."

திரும்பி வரும்போது ரயிலில் மதினி என் மடியில் தூங்கிவிட்டாள். எதிர் சீட்டில் என் வீட்டுக்காரர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

சைவக் கடையில் மீன்

மறுநாள் விடிகாலையில் என் வீட்டுக்காரரைக் காணோம். கடைக்குப் போய்ப் பார்த்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு டப்பா பச்சைப் பெயிண்டோடு மேசை மேசையாக ஏதோ வரைந்துகொண்டிருந்தார். இலைப் படமாம். நுனி இடப்பக்கம். அதன் மேல் அப்படியே வைத்தால் இலை மாறாது என்று அவராகவே கண்டுபிடித்திருக்கிறார்.

எங்கள் சமையல் மாஸ்டர் பிச்சையா அண்ணாச்சி உள்ளே வந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மொதலாளி, சைவக் கடையில மீனு எதுக்கு வரைஞ்சிருக்கிய?"

உண்மையிலேயே மீன் மாதிரிதான் இருந்தது. நடு நரம்பு வரைகிறேன் என்று முள்ளும் போட்டிருந்தார். நான் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அவரும் சிரித்தார். அப்பாவுக்கு நான் எழுதியது பொய்யாய்ப் போயிற்று.

மதினி கடைக்குத் திரும்பினாள். முதல் பந்தி உட்கார்ந்தது. எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றோம். அவள் மேசையைத் தடவினாள். பச்சைமேல் பச்சையை வைத்தாள். நுனி இடப்பக்கம். அடுத்தது. அதற்கடுத்தது. கடைசி இலை போட்டு முடித்ததும் பிச்சையா அண்ணாச்சி அடுக்களைக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் என்றார். அன்றைக்கு வெங்காயமே உரிக்கவில்லை.

அந்த மீன்கள் மூன்று சீசன் தாங்கின.

தப்பான கேள்வி

இந்த இடத்தில் நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். தினமும் காலையில் மதினியைச் சோதித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. "நான் யாரு, சொல்லு பாப்போம்?" சொன்னால் எனக்கு அன்றைக்கு நிம்மதி. ஒருநாள் சொல்லவில்லை. விடாமல் கேட்டேன். மதினி கையைப் பிசைந்து பிசைந்து அழுதுவிட்டாள்.

என் வீட்டுக்காரர் அன்று என்னைக் கோபித்த மாதிரி என்றும் கோபித்ததில்லை. "அவளுக்குப் பரிச்சை வைக்க நீ யாரு? நீயே உம் பேரச் சொல்லிட்டுப் போயேன். கொறஞ்சா போயிருவே?"

அன்றிலிருந்து கடையில் ஒரு சட்டம். யாரும் மதினியிடம் 'என்னைத் தெரியுதா?' என்று கேட்கக் கூடாது. உள்ளே வருகிறவர் தன் பெயரைத் தானே சொல்ல வேண்டும். "அக்கா, செங்கோட்டை கண்டக்டர் வந்திருக்கேன்." மதினி தலையாட்டுவாள். அவ்வளவு போதும்.

அவள் எழுந்து எங்கேயாவது நடக்க ஆரம்பித்தபோதும் வழி கண்டுபிடித்தோம். அருவிக்கரைக் கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்தோம். பழக்கடைக்காரர், துண்டு விற்கிறவர், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் எல்லாருக்கும் தெரியும். 'வீட்டுக்கு வா' என்று கையைப் பிடித்து இழுத்தால் மதினி திமிறுவாள். பக்கத்தில் போய் மெதுவாக, "அக்கா, பந்தி உக்காந்தாச்சு" என்று சொன்னால் போதும். ஐயோ என்று தானாகவே திரும்பி, எல்லாருக்கும் முன்னால் விறுவிறுவென்று நடந்து வருவாள்.

இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. டாக்டரம்மா அடுத்த சீசனுக்கு வந்தபோது இதைக் கேட்டுவிட்டு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். மதுரை டாக்டர், குற்றாலத்துச் சாப்பாட்டுக்கடையில் பாடம் எழுதிக்கொண்டார் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். மறைக்க மாட்டேன்.

கையால் வாங்கும் இலை

மீனும் ஒருநாள் உதவாமல் போயிற்று. இலை என்றால் என்ன என்பதே அவளுக்கு மங்க ஆரம்பித்தது. இலை போட்டவள் தம்ளர் மட்டும் வைத்தாள். தம்ளர் போய், உப்பு மட்டும் என்று ஆயிற்று. பிறகு நிற்கவே கால் வரவில்லை.

இனிமேல் வீட்டில்தான் என்று நான்கூட நினைத்தேன். பின்கட்டு அறைக்கு ஒரு கட்டில்கூடப் பார்த்து வைத்தேன். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. கடை வாசலில், கல்லாவுக்குப் பக்கத்தில், ஒரு நாற்காலி போட்டார். மதினியை உட்கார வைத்து மடியில் இலைக்கட்டை வைத்தார். வருகிறவர்கள் அவள் கையிலிருந்து ஆளுக்கு ஒரு இலை வாங்கிக்கொண்டு போய், தாங்களே போட்டுக்கொள்ள வேண்டும். அவள் விரல்கள் சில நாள் இலையை விட மறுக்கும். காத்திருக்க வேண்டும்.

முதலில் முணுமுணுத்தார்கள். காசு கொடுத்துச் சாப்பிட வந்தவன் தானே இலை போடுவதா என்று. காரில் வந்த ஒரு பெரிய மனிதர், "இந்தம்மா கையால வாங்கணுமா?" என்று முகத்தைச் சுளித்தார். நான் அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் சொன்னார். "ஆமா. இங்கன அப்படித்தான். பிடிக்கலன்னா பக்கத்துலயே நாலு கடை இருக்கு."

எந்தக் கடையின் பெயருக்காகப் பயந்து அக்காவை வீட்டில் போட்டாரோ, அதே கடை, அதே மனிதர். வந்தவர் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். வரிசையில் பின்னால் நின்ற கல்லூரிப் பையன்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பெயரைச் சொல்லி இலை வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்கு அன்றைக்குக் கரண்டியை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை.

இரண்டு வருடம் மதினி அந்த நாற்காலியில் இருந்தாள். என் பெயர் போயிற்று. தம்பி பெயர் போயிற்று. பேச்சும் போயிற்று. யாராவது எதிரில் வந்து நின்றால் கை மட்டும் மடிக்குப் போகும்.

படிவம்

எண்பதுகளின் கடைசியில், சீசன் இல்லாத ஒரு மாசி மாதத்துக் காலையில், தென்காசி வீட்டில் மதினி போனாள். என் கையில் அவள் கை இருந்தது. கஷ்டப்படவில்லை. நான் நன்றாக அழுதேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டம் இல்லை.

காரியங்கள் முடிந்து, இறப்பைப் பதிவு செய்ய ஆபீசுக்குப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் உள்ளூர்க்காரர்தான். எங்கள் குடும்பத்தைப் பற்றி அரைகுறையாகத் தெரியும். பெயர் கேட்டார், வயது கேட்டார், எழுதினார். தொழில் என்ற இடத்துக்கு வந்ததும் எங்களைக் கேட்காமலேயே பேனாவை நகர்த்தினார்.

"அவுகளுக்கு ஒண்ணும் தெரியாதுல்லா அண்ணாச்சி. தொழில் இல்லன்னு போட்டுருதேன்."

என் வீட்டுக்காரர் படிவத்தின் மேல் கையை வைத்தார்.

"எளுதும்வே. சாப்பாட்டுக்கடை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்க கடையில வேலை பாத்தாகளோ?"

"இல்ல" என்றார் என் வீட்டுக்காரர். "அது எங்க அக்கா கடை. நாங்கதான் அங்கன வேலை பாத்தோம்."